தமிழ்நாட்டில் ‘ங்க’, பாண்டியில் ‘பா’

போன மாதம் மகனுடைய காரில் திருச்சி வரை போய்வந்தோம். பின்சீட்டில் எனக்கு இந்தப் பக்கம் பேரன், அந்தப் பக்கம் பேத்தி. ஆளுக்கு ஒரு செல்போன். காதுக்குள் பஞ்சு மாதிரி என்னவோ செருகியிருந்தார்கள். விழுப்புரம் வந்தது, போனது. உளுந்தூர்பேட்டை வந்தது, போனது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டால் பதறுகிறவர்கள் உண்டு. நான் சத்தமே வராவிட்டால் பதறுகிறவள். பேத்தியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். “இன்னா ஆயா பண்ற?” என்று தட்டிவிட்டாள். சரி, மூச்சு இருக்கிறது.

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். “அதுவே பூட்டிக்கும்மா. எத்தினி வாட்டி சொல்றது?” என்றான் மகன். அதுவே பூட்டிக்கொள்கிற கதவை எப்படி நம்புவது? கேட்கவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? நம்மைக் காரில் ஏற்றி இத்தனை தூரம் கொண்டுபோயிருந்தால் பெரியவர்களை என்ன பாடு படுத்தியிருப்போம்! எங்களை அப்படி ஏற்றினார்கள். ஒரு கோடை முழுக்க. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், படித்த பாடம் ஒன்றும் நினைவில்லை. அந்தக் காரில் விளையாடிய விளையாட்டு மட்டும் அட்சரம் பிசகாமல் இருக்கிறது.

எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்துக்குக் கொஞ்சம் உள்ளே. அப்பாவுக்கு நெல்லும் கரும்புமாகக் கொஞ்சம் நிலம். இப்போது அங்கே கலர் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள், அது வேறு கதை. அந்த வருஷம் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. எலுமிச்சம்பழம் போல. சோறு விழுங்கினால் மேலே ஏறிக் கீழே இறங்கும். அதைப் பார்ப்பதற்காகவே தம்பி, அம்மா சாப்பிடும்போது எதிரில் போய் உட்காருவான். அவனுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை. எனக்கு ஒன்பது நடந்தது, எல்லாவற்றுக்கும் பயப்படத் தெரிந்த வயசு.

வேலூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். ஒரு தரம் போனால் தீராது, போய்ப் போய் வர வேண்டும், பிறகு ஆபரேஷன். பஸ்ஸில் கூட்டத்தில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அதனால் கார். பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பொம்பளை வேண்டும், அதனால் அத்தை. அத்தையும் கிளம்பிவிட்டால் எங்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, அதனால் நாங்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தவர். கல்யாண வயசு வந்து கொஞ்சம் தள்ளியும் போயிருந்தது. ‘இந்த அறுப்பு முடியட்டும், இந்தக் கரும்பு வெட்டட்டும்’ என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

கார் வில்லியனூரில் ஒரு சொல்தா வீட்டுக் கார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். புருஷன் இறந்த பிறகு அந்த வீட்டம்மா வெளியே போவதில்லை, அம்பாசிடர் சும்மா நின்றது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவரிடமே ‘துருப்பிடிக்காம பாத்துக்கப்பா’ என்று விட்டிருந்தார்கள். அவர் தெரிந்தவர்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துவருவார்.

அந்த டிரைவர் எங்கள் ஊர் மாதாகோயில் தெருக்காரர். அவருடைய அப்பா எங்கள் கரும்புக்கொல்லையில் கூலிக்குக் கட்டுக் கட்டியவர். அதனால் எங்கள் அப்பாவுக்கு அவர் எப்போதும் ‘பா’தான். வாப்பா, போப்பா, எடுப்பா. எங்கள் வீட்டுக்கு வந்தால் வைக்கோல் போர் பக்கம் நிற்பார். தண்ணீர் கேட்டால் தனி டம்ளர்.

வண்டியில் இருந்த ஒரே கோளாறு, சொந்த வண்டி. வாடகைக்கு ஓட்ட பர்மிட் கிடையாது. பாண்டிக்குள் யாரும் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டு எல்லையில் செக்போஸ்ட் இருந்தது.

முதல் நாள் காலையில் கிளம்புமுன் அப்பா எங்களை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்.

“நல்லா கேட்டுக்குங்க. தமிழ்நாட்டுக்குள்ள பூந்துட்டா இவரு டிரைவர் கெடயாது. எவனாவது கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

“டிரைவர் கெடயாதுன்னு சொல்லுவோம்” என்றான் தம்பி.

“அப்புடிச் சொன்னா அங்கயே மாட்டிக்குவோம்டா, முண்டம்! மாமான்னு சொல்லணும். எங்க, சொல்லு. மாமா.”

“மாமா.”

“வாடகை வண்டின்னு தெரிஞ்சா புடுங்கி வச்சிக்குவான். அப்புறம் உங்கம்மா கழுத்தப் புடிச்சிக்கினு நடுரோட்ல நிக்கணும்.”

இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதோடு என் கோடை விடுமுறை முடிந்துபோனது. அடுத்த எத்தனையோ நாள் கனவில் அம்மா நடுரோட்டில் நின்றாள்.

காக்கிச்சட்டை போட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்பா தன்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து அவருக்குக் கொடுத்தார். இஸ்திரி போட்ட சட்டை. தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபோது ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். “மாப்ள கணக்காதான்பா இருக்கிற!” என்று அப்பாவே சிரித்தார். அப்பாவேதான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாண்டி மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே. வில்லியனூர் பாண்டி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருபுவனையில் மறுபடியும் பாண்டி. மதகடிப்பட்டு தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு, அங்கேதான் செக்போஸ்ட். அப்பாவின் நாக்கும் அதற்குத் தக்கபடி மாறும். கண்டமங்கலத்தில், “மாப்ள, பாத்துப் போங்க, பள்ளம் இருக்குது” என்பார். செக்போஸ்ட் அங்கே இல்லைதான், ஆனாலும் எந்தப் புளியமரத்தடியில் எவன் நிற்பானோ! திருபுவனை வந்ததும், “இன்னாப்பா, உருட்டிக்கினே போற?” என்பார். ஒரே ஆள், ஒரே ஸ்டீயரிங்.

இதை விளையாட்டாக ஆக்கியவர் அத்தை. ஆக்காமல் விட்டிருந்தால் தம்பி முதல் நாளே மாட்டிவிட்டிருப்பான். அவன் வாய் சும்மா இருக்காது. அம்மா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பாள், சத்தம் போடக் கூடாது. ரெக்சின் சீட் தொடையைச் சுடும். பெட்ரோல் வாடை குடலைப் புரட்டும். எனக்கு வாந்தி வராமல் இருக்கக் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்திருப்பார்கள். அம்மாவின் கட்டியும் அதே அளவு என்பதால் அதை முகர்ந்தாலே எனக்குப் பயம் இன்னும் கூடும்.

அத்தையின் விளையாட்டு இதுதான். மண் மாறுகிற இடத்தை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். பிராந்திக் கடை போர்டு வரிசையாக வந்தால் பாண்டி. வராவிட்டால் தமிழ்நாடு. தமிழ்நாட்டில் ‘டிரைவர்’ என்று சொன்னால் அவுட்டு. “இப்ப மாமா இன்னா பண்றாரு?” என்று கேட்பார். “மாமா கியர் போடறாரு.” “இப்ப?” “மாமா ஹாரன் அடிக்கிறாரு.” “இப்ப?” “மாமா மூக்க சொறியறாரு!” முன்னால் அவர் காது இரண்டும் சிவந்துபோகும்.

தம்பி தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தான். பாண்டி மண்ணில் ‘மாமா’, ‘ங்க’ என்று சொன்னாலும் அவுட்டு. அப்பா அப்படித்தானே பேசுகிறார்? அதில் அதிகம் அவுட் ஆனது அத்தைதான். வில்லியனூர் கோபுரம் தெரிகிற இடத்திலும் மறந்துபோய், “மாமாகிட்ட தண்ணி வேணுமான்னு கேளுடா” என்பார். “அத்த அவுட்டு!” என்று தம்பி கத்துவான். “ஆமாண்டா, நான் அவுட்டு” என்று சிரிப்பார்.

அத்தை அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. விடுகதை மட்டும் போடுவார், எங்களுக்கு.

“நாம ஓடினா கூட ஓடியாரும். நாம நின்னா எறங்கிப் போயிடும். இன்னா?”

நான் நாய் என்றேன். தம்பி கண்டக்டர் என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு முன்னாலிருந்து, ரோட்டைப் பார்த்தபடியே, “காத்து” என்று குரல் வந்தது.

அந்தக் காற்றுக்கும் ஒரு பாடு உண்டு. வண்டியில் நாலு கண்ணாடிக்கும் சேர்த்துக் கைப்பிடி ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் உடைந்து போயிருந்தது. அது ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த மாதா படத்துக்குக் கீழே இருக்கும். கண்ணாடி ஏற்ற வேண்டும் என்றால் கேட்டு வாங்கி, கதவில் இருக்கிற இரும்புப் பல்லில் மாட்டி, சுற்றி, திருப்பிக் கொடுக்க வேண்டும். வெயில், தூசி, அம்மாவுக்கு இருமல் என்று அது முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுவார். அத்தை வாங்குவார். சில்லென்று இருக்க வேண்டிய இரும்பு எப்போதும் வெதுவெதுப்பாக இருந்ததாக எனக்கு நினைவு. வெயிலாகவும் இருக்கலாம்.

திருவண்ணாமலையில் ஓட்டலில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மாமா என்றால் கூடத்தானே உட்கார வேண்டும்? அப்பாவே, “மாப்ளைக்கு இன்னொரு பூரி வையிப்பா” என்பார். சாயங்காலம் ஊர் திரும்பினால் அவர் வைக்கோல் போர் பக்கம். தம்பி ஒரு நாள் அப்பாவிடம், “மாமா ஏன் அங்க குந்திக்கினு இருக்காரு?” என்றான். “பாண்டியில மாமா இல்லடா. நீதான சட்டம் போட்ட?” என்று அப்பா முடித்துவிட்டார்.

செக்போஸ்ட்டில் முதல் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அடுத்த தரம் ஒரு போலீஸ்காரர் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தார். தம்பி வழக்கம்போலக் கையாட்டினான்.

“எங்க போறீங்க?”

“ஆஸ்பத்திரிக்குங்க. சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்ல” என்றார் அப்பா.

போலீஸ்காரர் டிரைவரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். “யாருடா தம்பி இவரு?”

“மாமா!”

“எந்த மாமா? அம்மாகூடப் பொறந்தவரா?”

இந்தக் கேள்விக்கு எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்கள் கிடையாது. கையிலிருந்த எலுமிச்சம்பழம் நசுங்கி மடியெல்லாம் சாறு. தம்பி ஒன்றும் பதறவில்லை. அவனுக்குத் தெரிந்த விளையாட்டு அது.

“அத்தையோட மாமா!” என்றான்.

போலீஸ்காரர் பின்னால் குனிந்து அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார் என்று நினைக்கிறேன். அப்போது அப்பா சத்தமாகச் சொன்னார்:

“ஆமாங்க. தங்கச்சி வூட்டுக்காரரு. எங்க மாப்ள.” பிறகு, அது போதாது என்பதுபோல, “மாப்ள, வண்டிய எடுங்க. நேரமாவுது” என்றார்.

கட்டை உயர்ந்தது. வளவனூர் வந்தது. பிறகு அப்பாதான் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். “அத்தையோட மாமாவாம்! பொறுக்கிப் பய!” என்று தம்பியின் தலையைக் கலைத்தார். அவர் சிரிப்பதால் நானும் சிரித்தேன். டிரைவர் சிரிக்கவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அம்மா கண்ணை மூடவில்லை. முன்னால் டிரைவர் முகம் தெரிந்த சின்னக் கண்ணாடியையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் ஆபரேஷன். கழுத்தில் பெரிய கட்டோடு அம்மா வெளியே வந்தாள். பேச்சு வரவில்லை. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், தானாக வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தையல் பிரித்தார்கள். புண் காய்ந்தது. அம்மா பேசவில்லை. கையைக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அப்பாவுக்கு உயிரே இல்லை. “ஒரு வார்த்த சொல்லு. ம்னாவது சொல்லு” என்று கெஞ்சுவார். கோயிலில் விளக்குப் போட்டார். நான் இரவெல்லாம் அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, தூக்கத்திலாவது முனகுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்பேன்.

எதிர்வீட்டுக்காரி, “கட்டியோட கொரலையும் வெட்டிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று நான் சோறு தின்னவில்லை.

வைகாசி பிறந்தது. ஒரு சாயங்காலம் அப்பா கொல்லையிலிருந்து வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“ஞாயித்துக்கெழம சோரியாங்குப்பத்துலேருந்து ஆளு வராங்க. வூட்ட கொஞ்சம் ஒதுங்க வையி.”

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். “எதுக்குண்ணே?”

“எதுக்கா? பொண்ணு பாக்கத்தான். நல்ல எடம். மோட்டார் கொட்டா, காணி எல்லாம் இருக்குது.”

“எனக்குத்தான் வூட்டுக்காரரு இருக்காருன்னு நீயே சொன்னியே.”

அப்பா சிரித்தார். “அது செக்போஸ்ட்டுக்குச் சொன்னது.”

“எதுக்குச் சொன்னாலும் நீதானண்ணே சொன்ன? உன் வார்த்தய நான் எப்ப தட்டியிருக்கிறேன்?”

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“வெளையாடாத.”

“பசங்ககிட்டதான் வெளையாடுவேன். உன்கிட்ட வெளையாடுல.”

அப்பா கையில் இருந்த செம்பைச் சுவரில் விட்டெறிந்தார். அது நசுங்கி உருண்டு தம்பியின் காலடியில் நின்றது. “அவன் அப்பன் நம்ம கொல்லயில கட்டு கட்டனவன்டீ! ஊருல எவன் மூஞ்சில முழிப்பேன்?” என்று கத்தினார். அத்தை அழவில்லை, மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவிடம் திரும்பி, “நீ சொல்லேன் இவளுக்கு!” என்றார். அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று கையை அசைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் கடைசியாகக் காட்டப் போக வேண்டும். ‘இனிமே அந்த வண்டி வாணாம்’ என்று அப்பா வேறு கார் தேடி பாகூருக்கும் வில்லியனூருக்கும் சைக்கிளில் அலைந்தார். வைகாசி முகூர்த்தம். ஒரு கார் காலி இல்லை. கடைசியில் அதே அம்பாசிடர் வந்து நின்றது. அதே வெள்ளைச் சட்டை.

அத்தை வரக் கூடாது என்பது உத்தரவு. புளிசோறு கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தை ஏறாமலே அப்பா கதவைச் சாத்தியபோது டிரைவர் ஒரு நொடி எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்பா முன்னால் உட்காராமல் பின்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தையின் இடத்தில். தம்பி முன்சீட்டுக்குத் தாவிவிட்டான். அத்தை இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை என்று அவனுக்கு யார் சொல்வது?

“இப்ப மாமா கியர் போடறாரு.”

“வாய மூட்றா” என்றார் அப்பா.

கண்டமங்கலம் வந்தது. “அப்பா, தமிழ்நாடு வந்துடுச்சி. சொல்லுப்பா” என்றான் தம்பி. அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திருபுவனையில் “பாண்டி!” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மிட்டாய் கொடுக்க ஆளில்லை. அப்பா ‘மாப்ள’ என்று இன்றைக்குச் சொல்லப் போவதில்லை. சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். அம்மா நடுரோட்டில் நிற்பாள். கதவின் தாழைப் பிடித்துக்கொண்டு, மதகடிப்பட்டு வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்துவிட்டது.

அதே போலீஸ்காரர். தம்பி கையாட்டியதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“அடடே, அத்தையோட மாமா!” என்று சிரித்துக்கொண்டே வந்தார். பின்சீட்டில் எட்டிப் பார்த்தார். “இன்னா மாப்ள சார், வூட்டம்மா வரலியா இன்னிக்கி?”

டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சின்னக் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார். ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பொய்யை அவர் தானாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் தாடை இறுகி அசைந்தது. வாய் திறக்கப் போகிறது, ‘இவன் டிரைவர்’ என்று சொல்லப் போகிறார், எனக்குத் தெரிந்துவிட்டது.

“வூட்லதான் இருக்குது” என்று ஒரு குரல் கேட்டது.

கரகரவென்று, தகரத்தில் மணலைக் கொட்டினதுபோல. யார் என்று சுற்றிப் பார்த்தேன். அம்மா.

“எங்க நாத்தனாரு எங்க வூட்லதான் இருக்குது. மாப்ளதான் வந்து அழைச்சிக்கினு போவணும்.”

போலீஸ்காரர், “சரி சரி, பாத்துப் போங்கம்மா” என்று கட்டையைத் தூக்கினார். வண்டி நகர்ந்தது. அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கோபத்தில் இருந்தவர் அதை மறந்துபோனார்.

“பேச்சு வந்துடுச்சா? எப்ப வந்துச்சி?”

“தையல் பிரிச்சப்பவே.”

“அப்ப ஏன்டீ பேசல? நான் பைத்தியக்காரனாட்டம் வெளக்குப் போட்டுக்கினு அலையறேன்!”

“பேசியிருந்தா நீங்க அவள பத்தி எங்கிட்ட கேட்டிருப்பீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது.”

“இப்ப அங்க சொன்னியே, அது?”

“அது பொய்யில்லியே” என்றாள் அம்மா.

விழுப்புரம் தாண்டி வெகுதூரம் வரை அந்த வண்டியில் பேச்சே இல்லை. இத்தனை வருஷம் கழித்து எனக்கு அந்த மௌனத்தைவிட, அதற்கு முன்னால் அம்மா வீட்டில் இருந்த மௌனம்தான் ஆச்சரியமாக இருக்கிறது. நான் அவள் பக்கத்தில் படுத்துக் காது கொடுத்தேனே, அப்போதெல்லாம் அவள் விழித்துக்கொண்டு வாயை இறுக்கி வைத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் கழுத்துக்காகப் பயந்துகொண்டிருந்தோம்.

முடிவு தெரியாமல் என்னால் எங்கேயும் உட்கார முடியாது. அதனால் உங்களையும் தவிக்க விட மாட்டேன். கல்யாணம் நடந்தது. கோயிலிலும் இல்லை, மாதாகோயிலிலும் இல்லை. பாண்டியில் ‘மேரி’யில், அதுதான் நம் முனிசிபாலிட்டி ஆபீஸ், பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பந்தலில் கைநனைக்கவில்லை. சோரியாங்குப்பத்துக்காரர்கள் பேசிய பேச்சை எழுத முடியாது. மாமா பிறகு சொந்தமாக ஒரு வண்டி வாங்கினார், பர்மிட்டோடு. எங்கள் அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவர்தான். ஆனால் அதெல்லாம் எங்கே தொடங்கியது என்று யாராவது என்னைக் கேட்டால், செக்போஸ்ட் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது என்பேன்.

டாக்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். வரும் வழியில் அப்பாவின் வாயிலிருந்து தமிழ்நாடு முழுக்க ஒரு ‘மாப்ள’ கிடையாது, ஒரு ‘ங்க’ கிடையாது. தம்பி சலித்துப்போய் மிட்டாய்க் காகிதத்தை நக்கிக்கொண்டிருந்தான். திருபுவனை வந்தது. கண்டமங்கலம் வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் வில்லியனூர் கோபுரம் தெரிந்தது. எங்கள் மண். இனிமேல் பயமில்லை, யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் மூச்சு இறங்கியது.

தெற்கே மங்கலம் ரோட்டில் திரும்பியதும் வயல்காற்று முகத்தில் அடித்தது. அம்மா இருமினாள். தழும்பின் மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். கண்ணாடி இறங்கியிருந்தது. அப்பா அதைக் கையால் மேலே தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கைப்பிடி முன்னால், மாதா படத்துக்குக் கீழே இருந்தது.

கொஞ்ச தூரம் அப்படியே போனோம். அம்மா மறுபடி இருமினாள்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“அந்தக் கைப்புடிய கொஞ்சம் குடுங்க” என்றார். “காத்து அவளுக்கு ஆவாது.”

வண்டியின் வேகம் குறைந்தது. ஓரமாக நின்றது. எப்போதும் திரும்பாமலே கையை நீட்டுகிறவர், அன்று இன்ஜினை அணைத்துவிட்டு முழுசாகத் திரும்பினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார்.

தம்பி சீட்டின் மேல் ஏறி நின்று கைதட்டினான். “அப்பா அவுட்டு! இது பாண்டி! ‘ங்க’ சொல்லிடுச்சி! அப்பா அவுட்டு!”

அறை விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடினேன். கைப்பிடி பல்லில் மாட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணாடி கீச்கீச்சென்று மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. காற்று நின்றது.

“ஆமாண்டா” என்றார் அப்பா. “நான் அவுட்டு.”